கவிழ்த்துப் பாருங்கள்: ஊர் பேர் தெரியாத அமெரிக்க மாடல் சரக்கு வேகனை அடையாளம் கண்டு விலை மதிப்பது எப்படி

பழைய அமெரிக்க மாடல் ரயில் வேகன் ஒன்று கைக்கு வந்ததும் பக்கவாட்டில் இருக்கும் பெயரையும் எண்ணையும் அப்படியே தேடலில் தட்டுவதுதான் எல்லாரும் செய்கிற முதல் தப்பு. ‘பென்சில்வேனியா’ என்றும் ஐந்திலக்க எண் ஒன்றும் எழுதியிருந்தால், அது மாடலைச் செய்த கம்பெனியின் பெயரும் இல்லை, மாடல் எண்ணும் இல்லை. நிஜத்தில் ஓடிய ஒரு ரயில்வேயின் பெயர், அந்த ரயில்வே தன் வேகனுக்குக் கொடுத்த எண். அதே பெயரை எத்தனையோ கம்பெனிகள் எத்தனையோ சைஸில் அச்சடித்து விற்றிருக்கின்றன. ஒன்று எட்டு டாலருக்கும் போகாமல் கிடக்கும். பார்க்க அதே மாதிரி இருக்கும் இன்னொன்றுக்கு ஏலத்தில் அடிதடி நடக்கும். யார் செய்தது, எப்போது செய்தது என்பதெல்லாம் வேகனின் அடியில்தான் இருக்கிறது. அதனால் வேலையை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

தொடங்கும் முன் சொல் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். நம்மூரில் ‘போகி’ என்றால் முழுப் பெட்டி என்றே பேச்சு வழக்காகிவிட்டது. உண்மையில் போகி என்பது பெட்டியின் அடியில் சுழலும், நான்கு சக்கரம் பூட்டிய சட்டம் மட்டும்தான். அமெரிக்கர்கள் அந்தச் சட்டத்தை ‘ட்ரக்’ என்பார்கள். சரக்கு வேகனை ‘ஃப்ரெயிட் கார்’ என்பார்கள். விற்பனை விளம்பரங்களில் ‘ட்ரக் இல்லை’ என்று எழுதியிருந்தால் லாரி இல்லை என்று அர்த்தமில்லை, சக்கரமே இல்லை என்று அர்த்தம். இந்தக் கட்டுரையில் வேகன், ட்ரக் என்றே சொல்வோம். மூடிய வேகன் பாக்ஸ்கார். நிலக்கரி கொட்டுவது ஹாப்பர். திறந்த தொட்டி மாதிரி இருப்பது கோண்டோலா. குளிர்பதன வேகன் ரீஃபர். கடைசியில் கார்டு உட்காரும் வண்டி கபூஸ்.

தேவையான சாமான் அதிகமில்லை. மில்லிமீட்டர் ஸ்கேல், முடிந்தால் வெர்னியர், பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ், ஒரு சின்ன காந்தம், கிராம் காட்டும் சமையலறைத் தராசு, டார்ச், மெல்லிய பிரஷ், சிறிய ஸ்க்ரூடிரைவர். மல்டிமீட்டர் இருந்தால் ஓரிடத்தில் உதவும். துடைக்கும் துணியும் ஆல்கஹாலும் மட்டும் இப்போதைக்குக் கிட்டே வரக்கூடாது. அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

முதலில் அளவு

தண்டவாள அகலம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தண்டவாளம் கையில் இல்லாவிட்டால் வேகனின் உடல் நீளத்தை அளங்கள். கப்ளரைச் சேர்க்காமல் உடலை மட்டும் அளக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் சாதாரண பாக்ஸ்கார் என்றால் 40 அடி. அது மாடல் ரயிலின் ஒவ்வொரு அளவிலும் இப்படி வரும் (1:48 என்றால் நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு):

ஓ: 1:48, தண்டவாளம் 32 மி.மீ., வேகன் 254 மி.மீ.
எஸ்: 1:64, தண்டவாளம் 22.5 மி.மீ., வேகன் 190 மி.மீ.
எச்.ஓ.: 1:87, தண்டவாளம் 16.5 மி.மீ., வேகன் 140 மி.மீ.
டி.டி.: 1:120, தண்டவாளம் 12 மி.மீ., வேகன் 102 மி.மீ.
என்: 1:160, தண்டவாளம் 9 மி.மீ., வேகன் 76 மி.மீ.
இசட்: 1:220, தண்டவாளம் 6.5 மி.மீ., வேகன் 55 மி.மீ.

நீளத்தை மட்டும் நம்பினால் ஏமாறலாம். 50 அடி வேகன் என் அளவில் 95 மி.மீ. வரும், 40 அடி வேகன் டி.டி. அளவில் 102 மி.மீ. வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்குத்தான் சக்கரத்தை அளப்பது. நிஜத்தில் பெரும்பாலான பழைய சரக்கு வேகன்களுக்கு 33 அங்குலச் சக்கரம். அது ஓ அளவில் 17.5, எஸ் அளவில் 13, எச்.ஓ.வில் 9.6, என் அளவில் சுமார் 5.2 மி.மீ. விட்டம். விளிம்பைச் சேர்க்காமல், தண்டவாளத்தில் படும் பகுதியை மட்டும் அளங்கள். எச்.ஓ. என்றால் ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே சுமார் 14.5 மி.மீ. இருக்கும்.

இன்னொரு பொறி பிரிட்டிஷ் ‘ஓஓ’ வேகன்கள். அவையும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடும், ஆனால் உடல் 1:76. எச்.ஓ. வேகன் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் குண்டாகத் தெரியும். இரண்டே அச்சு, நான்கே சக்கரம், முனைகளில் வட்டமான இடிதாங்கிகள் இருந்தால் பெரும்பாலும் அது அமெரிக்க மாடலே இல்லை.

பொம்மை ரயில் வம்சத்தில் வந்த வேகன்கள் இந்தக் கணக்குக்குள் அடங்காது. லயனல் கம்பெனியின் பல வேகன்கள் ஓ தண்டவாளத்தில் ஓடினாலும் உடல் 1:48-ஐ விடக் குட்டை. அளவு எதிலும் பொருந்தாமல், தண்டவாள அகலம் மட்டும் 32 மி.மீ. என்று வந்தால் லயனல் அல்லது மார்க்ஸ் என்ற பொம்மைக் கம்பெனி பக்கம் தேடுங்கள்.

கப்ளர் சொல்லும் காலம்

வேகன்களைக் கோக்கும் கொக்கிதான் கப்ளர். வயதைச் சொல்வதில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் இது மாற்றக்கூடிய சாட்சி என்பதையும் மறக்கக்கூடாது.

எச்.ஓ.வில் பக்கவாட்டில் வளைந்த ஒற்றைக் கொம்பும் கீழே நீட்டிய முள்ளும் கொண்ட பிளாஸ்டிக் கொக்கி இருந்தால் அது ‘ஹார்ன் ஹுக்’. 1950-களின் பின்பாதியிலிருந்து பல பத்தாண்டுகள் கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனியும் போட்டது இதைத்தான். விரல் மடக்கின மாதிரி, நிஜக் கப்ளர் வடிவத்தில் உலோகத்தில் இருந்து, அடியில் வளைந்த கம்பி தொங்கினால் அது பெரும்பாலும் கேடி என்ற கம்பெனி செய்தது. அந்தக் கம்பி காந்தத்தால் கப்ளரைத் திறப்பதற்கு. பழைய வேகனில் கேடி கப்ளர் இருந்தால் யாரோ ஒரு ஆர்வலர் பின்னாளில் மாற்றியிருக்கிறார் என்றுதான் பொருள். இதனால் ஓட்டுபவருக்கு மதிப்பு கூடும்; பெட்டி பிரிக்காத பழைய பொருளைத் தேடும் சேகரிப்பாளருக்குக் குறையும்.

என் அளவில் சதுரமான கொக்கி மேலும் கீழும் ஏறி இறங்கினால் அது ஜெர்மனியின் அர்னால்டு கம்பெனி கொண்டுவந்த ‘ராபிடோ’. அதைப் பல கம்பெனிகள் பல காலம் பயன்படுத்தியதால் தயாரிப்பாளரைக் கண்டுபிடிக்க அது உதவாது. மைக்ரோ ட்ரெயின்ஸ் வேகன்களில் கேடி மாதிரியான குட்டிக் கப்ளர் இருக்கும். அந்தக் கம்பெனி கேடியிலிருந்து 1990-இல் தனியே பிரிந்தது. அதற்கு முன்பு வந்த அட்டைகளில் கேடி பெயரும் சேர்ந்திருக்கும்.

கப்ளர் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். வேகன் உடலில் பொருத்தியிருந்தால் ஆர்வலருக்கான மாடல். ட்ரக்கோடு சேர்ந்து திரும்பினால், ரயில் செட்டுக்காகச் செய்த மலிவு ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். டைக்கோ, பாக்மன், லைஃப்-லைக் ஆகியவற்றின் செட் வேகன்கள் இந்த ரகம்.

இப்போது கவிழ்த்துப் பாருங்கள்

மேஜையில் மடித்த துண்டு ஒன்றை விரித்து, வேகனைத் தலைகீழாக வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத அச்சு எழுத்துகள் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். சட்டத்தின் நடுவில், ட்ரக்கின் உட்பக்கத்தில், கப்ளர் மூடியின் மேல், எடைத் தகட்டின் ஓரத்தில் என்று நான்கு இடத்தையும் பாருங்கள். கம்பெனிப் பெயர் இல்லாவிட்டாலும் நாட்டின் பெயர் இருந்தால் போதும், தேடல் சட்டென்று குறுகிவிடும்.

‘ஹாங்காங்’ என்றால் டைக்கோவோ பாக்மனோ மாதிரி. ‘ஆஸ்திரியா’ என்றால் ரோக்கோ தயாரித்து, ஏ.எச்.எம். அல்லது அட்லஸ் பெயரில் அமெரிக்காவில் விற்றதாக இருக்கலாம். ‘இத்தாலி’ என்றால் ரிவரோசி. ‘யூகோஸ்லாவியா’ என்றால் மெஹானோ. ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949-க்கும் 1990-க்கும் இடையில் செய்தது. நாடே இல்லாமல் போனதும் நமக்கு ஒரு தேதியாக உதவுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். 140 மி.மீ. நீளம், ஹார்ன் ஹுக் கப்ளர், எழுத்து எதுவும் கண்ணில் படாத பிளாஸ்டிக் பாக்ஸ்கார். கவிழ்த்தால் கப்ளர் பெட்டியை மூடியிருப்பது சின்ன உலோகத் தகடு. இரண்டு ஓரமும் மடிந்து, பிளாஸ்டிக் புடைப்புகளில் கிளிப் மாதிரி மாட்டியிருக்கிறது. ட்ரக் ஒவ்வொன்றும் ஒரு திருகில் நிற்கிறது. உடலின் இரு பக்கத்தையும் நகத்தால் லேசாக விரித்துச் சட்டத்தைக் கழற்றினால் உள்ளே தட்டையான இரும்புத் தகடு, காந்தம் ஒட்டுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஏதர்ன் கம்பெனியின் ‘புளூ பாக்ஸ்’ கிட். நீல அட்டைப்பெட்டியில், வாங்கியவரே பத்து நிமிஷத்தில் பூட்டிக்கொள்ளும்படி வந்தது. அமெரிக்காவில் ஆர்வலர் வீட்டுக்கு வீடு கிடக்கும் வேகன் இது. நன்றாகச் செய்தது, நன்றாக ஓடும், அதனாலேயே விலை போகாது. லட்சக்கணக்கில் இருக்கும்போது யார் போட்டி போடுவார்கள்?

அதே 140 மி.மீ. வேகனில் ட்ரக்கைத் திருகுக்குப் பதில் பிளாஸ்டிக் ஊசி அழுத்திப் பிடித்திருந்தால், கப்ளர் ட்ரக்கோடு திரும்பினால், அது செட் வேகன். சட்டம் வார்ப்பு உலோகமாக, கைக்குக் கனமாக இருந்தால் மாடல் டை காஸ்டிங் கம்பெனியின் பழைய ‘ரவுண்ட்ஹவுஸ்’ கிட்டாக இருக்கலாம். ஏணி, கைப்பிடி எல்லாம் உடலோடு வார்த்த புடைப்பாக இல்லாமல் தனித்தனிக் கம்பியாக இருந்து, அடியில் பிரேக் உருளை, காற்றுத் தொட்டி, வால்வு மூன்றும் தனித்தனியாகக் குழாயோடு தெரிந்தால், அது 1990-களுக்குப் பிறகு வந்த உயர்ரகத் தயாரிப்பு, அல்லது யாரோ மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டியது. கூரை நடைபாதையில் ஓட்டைகள் நிஜமாகவே ஓட்டையாக இருந்தால் அதுவும் அந்தப் பக்கம்தான் கைகாட்டும்.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் வறண்டிருக்கும். பசை போட்டு ஒட்டியிருந்தால் விரிப்பதை நிறுத்திவிடுங்கள். உடைந்த மூலையோடு விற்பதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே விற்பது லாபம்.

எடையும் ஒரு துப்பு. தேசிய மாடல் ரயில்பாதைச் சங்கம், அதாவது 1935-இல் தொடங்கிய என்.எம்.ஆர்.ஏ., எச்.ஓ. வேகனுக்குப் பரிந்துரைப்பது ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 40 அடி வேகனுக்கு அது சுமார் 106 கிராம். 60, 70 கிராம்தான் நிற்கிறது என்றால் செட் வேகன், அல்லது உள்ளே எடைத் தகடு காணாமல் போனது. 106-க்குக் கிட்டத்தட்ட சரியாக வந்தால் முன்பு வைத்திருந்தவர் விஷயம் தெரிந்தவர், எடை சேர்த்துச் சரிசெய்திருக்கிறார்.

என்ன பொருளில் செய்தது

மரம் என்றால் கிட். ஆம்ப்ராய்ட், லா பெல் மாதிரிக் கம்பெனிகள் மரத்துண்டுகளும் வார்ப்பு உதிரிகளும் அடங்கிய கிட் விற்றன. பிரிக்காத கிட்டுக்கு ஒரு விலை, நன்றாகக் கட்டியதற்கு ஒரு விலை, பசை வழிந்து கூரை கோணியதற்கு உதிரி விலை.

மஞ்சள் உலோகம், காந்தம் ஒட்டவில்லை, ஓரங்களில் ஈயப் பற்று தெரிகிறது என்றால் பித்தளை. இங்கே நிதானியுங்கள். ஜப்பானிலும் பின்னாளில் கொரியாவிலும் கையால் செய்து, பசிபிக் ஃபாஸ்ட் மெயில், ஓவர்லேண்ட் போன்ற இறக்குமதியாளர்கள் விற்றவை இவை. குறைந்த எண்ணிக்கையில் வந்தவை. வண்ணம் பூசியிருந்தால் யார் பூசியது என்பது முக்கியம். தேர்ந்த கை என்றால் விலை ஏறும், வீட்டில் பிரஷ்ஷால் பூசியது என்றால் பூசாததைவிடக் குறையும். அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் பழைய ஃபோம் பொடிந்து பிசுபிசுத்து வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படி இருந்தால் வேகனை உடனே வெளியே எடுத்து, அமிலமில்லாத டிஷ்யூ காகிதத்தில் சுற்றி வையுங்கள். ஃபோமைத் தூக்கிப்போட்டாலும் பெட்டியைப் போடாதீர்கள்.

சாம்பல் நிற வார்ப்பு உலோகம் உப்பி, தலைமுடி மாதிரி விரிசல் விட்டு, தொட்டால் உதிர்ந்தால் அது துத்தநாக நோய். போருக்கு முந்தைய வார்ப்புகளில் உலோகக் கலவையில் ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்ததால் வருவது. இதற்கு மருந்து கிடையாது, ஒட்டவும் முடியாது. பக்கத்து வேகனுக்குத் தொற்றும் என்று சிலர் பயப்படுவார்கள். தொற்றாது, அது வார்க்கும்போதே உள்ளே இருந்த கோளாறு.

எழுத்தில் என்ன நம்பலாம், எதை நம்பக்கூடாது

இப்போதுதான் பக்கவாட்டுக்கு வருகிறோம். இடது பக்கம் பெரிய எழுத்துகளில் இருப்பது ரிப்போர்ட்டிங் மார்க், அதாவது உரிமையாளரின் குறியீடு. நான்கு எழுத்துக்கு மேல் போகாது. கடைசி எழுத்து ‘எக்ஸ்’ என்றால் ரயில்வே அல்லாத தனியாருடைய வேகன், ஜி.ஏ.டி.எக்ஸ்., யு.டி.எல்.எக்ஸ். போல. அதன் கீழே கொள்ளளவு, சுமை வரம்பு, வெற்று எடை. வலது பக்க மூலையில் சின்னதாக ‘பில்ட்’ என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கமும் 5-48 மாதிரி ஒரு தேதியும் இருக்கும்.

அந்தத் தேதியைப் பார்த்து ‘1948 மாடல்’ என்று விளம்பரம் போடுகிறவர்கள் இன்றும் குறையவில்லை. அது நிஜ வேகன் கட்டிய மாதமும் வருஷமும். போன வாரம் சீனாவில் அச்சடித்த மாடலிலும் 5-48 என்றே இருக்கும், இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் எழுத்து ஒரு திசையில் மட்டும் பொய் சொல்லாது. நிஜத்தில் பிறக்காத ரயில்வேயின் பெயரை மாடலில் போட்டிருக்க முடியாது. பென் சென்ட்ரல் என்றால் மாடல் 1968-க்கு முன் வந்திருக்காது. பர்லிங்டன் நார்தர்ன் என்றால் 1970, கான்ரெயில் என்றால் 1976, பி.என்.எஸ்.எஃப். என்றால் 1995. கூரையில் நடைபாதை இல்லாத பாக்ஸ்கார் என்றால் நிஜ வேகன் 1966-க்குப் பிந்தைய விதிப்படி கட்டியதாகவோ பின்னாளில் பாதை கழற்றியதாகவோ இருக்கும். பக்கவாட்டில் வண்ணக் கோடுகள் அடுக்கிய தகடு தெரிந்தால் அது 1967 முதல் 1977 வரை முயன்று கைவிட்ட தானியங்கி அடையாள முறை. இவையெல்லாம் மாடலின் வயதுக்குக் கீழ்வரம்பு, மேல்வரம்பைச் சொல்வதில்லை.

அட்டைப்பெட்டி கூட இருந்தால் அதிர்ஷ்டம். முகவரியில் ஐந்திலக்க ஜிப் கோடு இருந்தால் 1963-க்குப் பிறகு. நகரின் பெயருக்குப் பின் ஒன்றோ இரண்டோ இலக்கம் மட்டும் இருந்தால் அதற்கு முந்தைய தபால் மண்டல எண். பார்கோடு இருந்தால் 1970-களின் நடுப்பகுதிக்குப் பிறகு. பெட்டியின் முனையில் ஒட்டியிருக்கும் எண்தான் நாம் தேடிய தயாரிப்பு எண். ஆனால் பெட்டிக்குள் இருப்பது அந்தப் பெட்டியின் வேகன்தானா என்று பாருங்கள். பாதிச் சமயம் இல்லை. யாரோ ஒருவர் ஒரு மாலையில் எல்லாவற்றையும் அள்ளிக் கைக்குக் கிடைத்த பெட்டியில் போட்டிருப்பார்.

லயனலும் ஃப்ளையரும்: விதி இங்கே தலைகீழ்

இதுவரை சொன்னதற்கு மாறாக, லயனல் வேகனில் பக்கவாட்டு எண்தான் பெரும்பாலும் கேட்டலாக் எண். எச்.ஓ. வேகனில் தூக்கிப்போடச் சொன்ன அதே எண்ணை இங்கே முதலில் தேட வேண்டும்.

லயனல் காலத்தை மூன்றாகப் பிரிப்பது வழக்கம்: 1942 வரை போருக்கு முந்தையது, 1945 முதல் 1969 வரை போருக்குப் பிந்தையது, 1970-இலிருந்து ஜெனரல் மில்ஸ் உரிமம் பெற்றுச் செய்தது, அதை எம்.பி.சி. காலம் என்பார்கள். நான்கிலக்கத்தில் 6 என்று தொடங்கும் பாக்ஸ்கார், கோண்டோலா, கபூஸ் பெரும்பாலும் நடுக்காலம். 9 என்று தொடங்கும் 9200, 9700 வரிசை பாக்ஸ்கார்கள் எம்.பி.சி. காலம், ‘சேகரிப்புப் பொருள்’ என்று வாங்கி வாங்கி எல்லாரும் பெட்டியோடு பத்திரப்படுத்தியதால் இன்று சந்தையில் குவிந்து கிடக்கின்றன.

அமெரிக்கன் ஃப்ளையர், நியூ ஹேவனில் இருந்த ஏ.சி. கில்பர்ட் கம்பெனி செய்தது. போருக்குப் பிறகு எஸ் அளவு. ஆரம்பத்தில் தட்டையான வளையம் போன்ற இணைப்பு, 1950-களில் விரல் மடக்கிய கப்ளர். லயனலா ஃப்ளையரா என்று சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரை எடுத்து ஒரே அச்சின் இரு சக்கரங்களைத் தொடுங்கள். லயனல் மூன்று தண்டவாளத்தில் ஓடுவது. இரு சக்கரமும் மின்சாரத்தால் இணைந்திருக்கலாம், மீட்டர் பீப் அடிக்கும். ஃப்ளையர் இரண்டு தண்டவாளம். சக்கரங்களுக்கு இடையே காப்பு இருந்தாக வேண்டும், பீப் வரக்கூடாது.

லயனலில் ஒரே எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் வேறுபாடுகளில்தான் பணம் இருக்கிறது. 1953-இல் தொடங்கிய 6464 பாக்ஸ்கார் வரிசையைப் பாருங்கள். எண்ணுக்குப் பின் ஒரு கோடு, பிறகு இன்னோர் எண். 6464-1 வெஸ்டர்ன் பசிபிக், 6464-25 கிரேட் நார்தர்ன் என்று போகும். வெஸ்டர்ன் பசிபிக்கில் ஆரஞ்சு உடல், நீல இறகு போட்ட வேகன் இரண்டு உண்டு. பின்னே 250 என்று போட்டது 1966-இல் வந்தது, தேடினால் கிடைக்கும். பின்னே 100 என்று போட்டு அதே ஆரஞ்சு, அதே நீல இறகோடு 1954 வாக்கில் வந்தது அரிது, விலை பல மடங்கு. மூன்று இலக்கம்தான் வித்தியாசம் என்பதால் 250-ஐச் சுரண்டி 100 ஆக்கும் கைவேலையும் உண்டு.

அதனால் லென்ஸ். பழைய லயனல் எழுத்துகள் பல சூட்டு அச்சில் பதித்தவை. லென்ஸில் பார்த்தால் எழுத்து பிளாஸ்டிக்கில் லேசாக அமிழ்ந்திருக்கும். எழுத்தைச் சுற்றி மெல்லிய பளபளப்பு விளிம்பு தெரிந்தால் நீரில் ஊறவைத்து ஒட்டிய டெகால். எண்ணைச் சுற்றி மட்டும் பரப்பு மாறிப் பளபளத்தாலோ மங்கினாலோ அங்கே யாரோ தேய்த்திருக்கிறார்கள். கதவைத் தள்ளி அதன் பின்னால் இருக்கும் நிறத்தையும், உடலின் உட்பக்க பிளாஸ்டிக் நிறத்தையும் பாருங்கள். மறுவண்ணம் பூசியவர்கள் அங்கே சோம்பல் காட்டுவார்கள். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் புது வண்ணமும் பசையும் பழைய வண்ணத்திலிருந்து வேறுபட்டு மின்னும். 1957-இல் பெண் குழந்தைகளுக்கென்று இளநிறங்களில் வந்த செட்டின் 6464-510, 6464-515 வேகன்களை விலைக்குக் கேட்டால் இந்தச் சோதனை எல்லாம் முடிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். அவற்றுக்குப் போலி உண்டு என்பது ஊரறிந்த விஷயம்.

நிலையைத் தரம் பிரிப்பது

1954-இல் தொடங்கிய ட்ரெயின் கலெக்டர்ஸ் அசோசியேஷன் வைத்திருக்கும் அளவுகோலைத்தான் பொம்மை ரயில் சந்தை முழுக்கப் பேசுகிறது. சி-10 என்றால் கைபடாத புதுசு. சி-8 புதுசு மாதிரி. சி-7 மிகச் சிறப்பு. சி-6 மிக நன்று, கீறல் உண்டு. அதற்குக் கீழே இறங்க இறங்கத் துருவும் உதிரிக் குறையும். அட்டைப்பெட்டிக்குத் தனியாக ‘பி’ வரிசை. விற்பவர் எல்லாரும் ஒரு படி ஏற்றித்தான் சொல்வார்கள். வாங்கும்போது ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள், விற்கும்போது நீங்களும் அதைச் செய்யாமல் இருங்கள்.

குறைகளைத் தேடும் வரிசை இது: கூரை நடைபாதை உடைந்ததா, பிரேக் சக்கரம் இருக்கிறதா, ஏணியின் கீழ்ப்படி முறிந்ததா, கதவு இரண்டும் அசல்தானா, நான்கு அச்சும் ஒரே ரகமா. பிரேக் சக்கரமும் கீழ்ப்படியும்தான் முதலில் காணாமல் போவது. ஒரு பக்கம் மட்டும் நிறம் வெளுத்திருந்தால் ஜன்னலோரம் அலமாரியில் இருந்திருக்கிறது. தூசி குறையில்லை, பிரஷ்ஷால் போய்விடும். விரல்ரேகை பதிந்த பசைதான் குறை.

சுத்தம் செய்வதைப் பற்றி முன்பு சொன்னது இதற்குத்தான்: பழைய ரப்பர் முத்திரை எழுத்துகள் ஈரத்துணிக்கே கரைந்து வந்துவிடும். ஆல்கஹால் சாதாரண வண்ணத்தையும் இளக்கும். பிரஷ் போதும். துருப்பிடித்த சக்கரத்தைக்கூட விலை முடிவாகும் வரை தொடாதீர்கள். வாங்குபவர் அதை அப்படியே கேட்கலாம்.

விலை போடுவது

கேட்கும் விலை விலையே அல்ல. ஈபேயில் தேடும்போது ‘விற்றவை’ என்ற வடிகட்டியைப் போட்டுப் பார்க்க வேண்டும். அளவு, கம்பெனி, வேகன் வகை, ரயில்வே பெயர் நான்கையும் சேர்த்துத் தேடுங்கள்: ‘எச்.ஓ. ஏதர்ன் 40 அடி பாக்ஸ்கார் சான்டா ஃபே’ என்பதுபோல, ஆங்கிலத்தில். லயனல் என்றால் எண் மட்டும் போதும்.

ஐந்தாறு விற்பனை கிடைத்தால் ஒவ்வொரு படத்தையும் திறந்து பாருங்கள். உதாரணத்துக்கு 9, 11, 12, 14, 38 டாலர் என்று வந்தால் சராசரி எடுக்காதீர்கள். 38-க்குப் போனதில் கேடி கப்ளரும் உலோகச் சக்கரமும் இருந்திருக்கும், அல்லது கிட் பிரிக்காத பெட்டியாக இருந்திருக்கும். அதைத் தள்ளிவிட்டால் உங்கள் வேகன் 11, 12 டாலர். தபால் செலவு சேர்ந்த விலையா சேராததா என்று பார்க்க மறந்தால் இந்த 12-இல் பாதி காற்றில் போகும். தளத்தின் கமிஷனும் அட்டைப்பெட்டிச் செலவும் போக மிச்சம் என்ன என்று கணக்குப் போட்டால், சாதாரண எச்.ஓ. வேகனைத் தனியாக விற்பது வேலைக்கு ஆகாது என்று பெரும்பாலும் தெரியவரும். பத்துப் பதினைந்தை ஒரே கட்டாக, ஒரே கம்பெனி அல்லது ஒரே ரயில்வே என்று சேர்த்து விற்பதே நடைமுறை. கடைக்காரரிடம் கொடுத்தால் அவர் விற்கும் விலையில் பாதியோ அதற்கும் கீழோதான் தருவார். கடை வாடகை அவருக்கு இருக்கிறது, அதில் தப்பில்லை.

சில சமயம் வேகனைவிட அதன் உதிரிக்கு விலை அதிகம். உடைந்த செட் வேகனின் அடியில் நல்ல கேடி கப்ளர் ஒரு ஜோடியும் உலோகச் சக்கரம் நான்கு அச்சும் இருந்தால் அவற்றைக் கழற்றித் தனியே விற்கலாம். சென்ட்ரல் வேலி கம்பெனியின் பழைய ஸ்பிரிங் ட்ரக் மாதிரியானவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. குட்டி ஸ்பிரிங் நான்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்; கழற்றும்போது ஒன்று தெறித்தால் தரைவிரிப்பில் தேடிக் கிடைக்காது.

விற்ற விலையே கிடைக்கவில்லை என்றால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும்: பொருள் அரிது, அல்லது பெயரைத் தப்பாகக் கண்டுபிடித்திருக்கிறோம். இரண்டாவதே அடிக்கடி நடப்பது. மறுபடி கவிழ்த்துப் பாருங்கள். எச்.ஓ. என்றால் ‘எச்.ஓ.சீக்கர்’ தளத்தில் பழைய கேட்டலாக்குகளின் ஸ்கேன் நிறையக் கிடைக்கிறது. படத்தையும் கப்ளர் பெட்டி அமைப்பையும் ஒப்பிடலாம். ஆர்வலர் குழுவில் கேட்பதானால் ஒரே படம் அனுப்பாதீர்கள். பக்கவாட்டு, முனை, அடிப்பகுதி, ஒரு ட்ரக் கிட்டத்தில், கப்ளர் கிட்டத்தில் என்று ஐந்து படம், ஒவ்வொன்றிலும் ஸ்கேல் தெரியவேண்டும். அடிப்பகுதிப் படம் இல்லாமல் கேட்டால் முதல் பதிலே ‘கவிழ்த்துப் போட்டுப் படம் எடுங்கள்’ என்றுதான் வரும்.

அனுப்பும்போது கப்ளர்களுக்கு வெளியே இரண்டு முனையிலும் விரற்கடை இடம் விட்டுக் கட்டுங்கள். குமிழ் உறையின் குமிழ் உள்பக்கமாக இருந்தால் சூட்டில் வண்ணத்தில் வட்ட வட்டமாகத் தடம் விழும். அதனால் முதலில் டிஷ்யூ, அதற்கு மேல் குமிழ் உறை. கழன்ற கதவு, திருகு, பிரேக் சக்கரம் எல்லாவற்றையும் சின்ன ஜிப் பையில் போட்டு, பையைப் பெட்டியின் உட்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். வேகனுக்குள் போட்டு அனுப்பினால் போய்ச் சேரும்போது அது கிலுகிலுப்பை ஆகியிருக்கும்.